திறப்பைத் திருப்பினால் ஒரு ‘டிக்’ மட்டும்

2023 செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவில் பருப்பும் சீனியும் ஏற்றி முடித்துத் திறப்பைத் திருப்பியபோது, எங்கள் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ‘டிக்’ என்று ஒரேயொரு சத்தம் போட்டுவிட்டு அசையாமல் நின்றது. பின்னால் கைவண்டிகள் வரிசை கட்டிவிட்டன. மூட்டை தூக்கும் நாட்டாமைமார் நான்கு பேர் சேர்ந்து தள்ள, இரண்டாம் கியரில் கிளச்சை விட்டு ஒருவாறு உயிர் கொடுத்து, கொட்டாஞ்சேனையில் உள்ள கடை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். அங்கே எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடியும் திருப்பினால், எதுவுமே நடக்காததுபோல முதல் தடவையிலேயே எடுத்தது.

வாகனம் 1994ஆம் ஆண்டு சிங்கிள் கேப். 2,779 சிசி கொண்ட, ‘3எல்’ என்ற வகை டீசல் எஞ்சின். கணினியும் இல்லை, திருட்டைத் தடுக்கும் இமொபிலைசரும் இல்லை. இதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாமே என்று வீட்டில் சொன்னார்கள்தான். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வாகனங்களுக்குக் கேட்கப்பட்ட விலையில், எங்களைப் போன்ற சிறு வியாபாரிகள் இருப்பதைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லாதிருந்தது.

முதல் தவறு என்னுடையது. கராஜுக்குத் தொலைபேசியில் “ஸ்டார்ட் எடுக்குதில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு, வாகனத்தைக் கடைப் பையனிடம் கொடுத்தனுப்பினேன். அந்த இரண்டு சொற்களுக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பழுதுகள் அடங்கியிருக்கின்றன என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை என்றால் எஞ்சினின் உள்ளே சூடேற்றும் குளோ பிளக், பம்பில் டீசலைத் திறந்துவிடும் சொலனொயிட், டீசல் பாதையில் புகுந்த காற்று என்று ஒரு பக்கமாகத் தேட வேண்டும். எஞ்சின் சுற்றவே இல்லை என்றால் பற்றரி, கேபிள், இக்னிஷன் சுவிட்ச், எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டாரான ஸ்டார்ட்டர் என்று முற்றிலும் வேறு பக்கமாகத் தேட வேண்டும். எனக்கு வந்தது இரண்டாவது. கராஜில் முதலாவது என்று எடுத்துக்கொண்டு நான்கு குளோ பிளக்குகளையும், பில்டருக்கு மேலுள்ள கைப்பம்பையும் மாற்றி அனுப்பிவிட்டார்கள். அவை பழையவைதான், மாற்றியதில் பாவமில்லை. ஆனால் மூன்றாம் நாள் ஜா-எலயில் ஒரு கடை வாசலில் அதே ‘டிக்’.

பிறகு பற்றரி. நிறுத்தி வைத்திருக்கும்போது 12.6 வோல்ட், ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுற்றும்போது 10.4 வோல்ட் என்று மீற்றர் காட்டிய ஒரு பற்றரியை, அயலவர் இருவரின் பேச்சைக் கேட்டு மாற்றினேன். சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கினால்தான் பற்றரியைச் சந்தேகிக்க வேண்டும் என்பது அன்றைக்கும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே செய்த செலவு அது. புதிய பற்றரியோடு ஐந்து நாள் ஒரு குறையுமின்றி ஓடியதால் நோய் தீர்ந்ததென்றே நம்பினேன். வந்து வந்து போகும் பழுதில் இதுதான் பெரிய வஞ்சகம்: எதைத் தொட்டாலும் சில நாள் அடங்கியிருக்கும், கடைசியாகத் தொட்டவருக்குப் பெயர் கிடைத்துவிடும்.

மாளிகாவத்தையில் நாற்பது வருடமாக வாகன வயரிங் வேலை பார்க்கும் ஒரு நானாவிடம் கடைசியில் போனேன். போன நேரம் வாகனம் பத்துத் தடவையும் ஒழுங்காக எடுத்தது. அவர் பொனட்டைத் திறக்கக்கூட இல்லை. “பழுது இருக்கிற நேரம் கொண்டு வாங்க தம்பி. இல்லாத நேரத்தில கொண்டு வந்தா நான் எதைப் பார்க்கிறது?” என்றார். பழுதான நிலையில் வாகனத்தை அவரிடம் கொண்டுபோவது எப்படி என்று நான் கேட்க, கொண்டுவர முடியாவிட்டால் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துவந்து சொல்லும்படி, இரண்டு சிறிய 12 வோல்ட் பல்புகளைக் கையில் தந்தார்.

அவர் சொல்லித்தந்த முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஸ்டார்ட்டரில் மூன்று இணைப்புகள் உண்டு: பற்றரியிலிருந்து நேரே வரும் தடித்த கேபிள், திறப்பைத் திருப்பும்போது மட்டும் மின்சாரம் வரும் மெல்லிய வயர், சொலனொயிட்டிலிருந்து (திறப்பின் கட்டளை வந்ததும் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் மின்காந்தச் சுவிட்ச் அது) மோட்டாருக்குள் போகும் குட்டையான தடித்த இணைப்பு. மெல்லிய வயரின் முனையிலிருந்து ஒரு வயரும், மோட்டாருக்குள் போகும் இணைப்பிலிருந்து இன்னொரு வயரும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பியூஸ் வைத்து, டாஷ்போர்ட்டுக்குக் கொண்டுவந்து ஆளுக்கொரு பல்பில் கொடுத்து, மறுமுனையை ஏர்த் செய்ய வேண்டும். பழுது வரும் கணத்தில் முதல் பல்பு எரியாவிட்டாலோ மங்கலாக எரிந்தாலோ கட்டளை ஸ்டார்ட்டரைச் சரியாகச் சென்றடையவில்லை, குற்றம் சுவிட்ச் பக்கம். முதல் பல்பு பிரகாசமாக எரிந்து இரண்டாவது இருண்டிருந்தால், கட்டளை வந்தும் சொலனொயிட் மின்சாரத்தை மோட்டாருக்கு விடவில்லை. இரண்டும் எரிந்தும் மோட்டார் சுற்றாவிட்டால், அதன் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து மங்கினால் பற்றரி அல்லது கேபிள். இதை மாட்டும்போது பற்றரியின் ஏர்த் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த கேபிளில் பியூஸ் கிடையாது, ஸ்பேனர் பட்டால் ஸ்பேனரே உருகும்.

ஒரு கொப்பியில் நாள், இடம், எஞ்சின் சூடா குளிரா, மழையா வெயிலா, பல்புகள் என்ன காட்டின என்று எழுதத் தொடங்கினேன். ஒக்டோபர் என்பதால் பின்னேரங்களில் இடியோடு மழை கொட்டியது. ஈரம்தான் காரணமென்று உறுதியாக நினைத்திருந்த எனக்குக் கொப்பி வேறு கதை சொன்னது. பதினோரு தடவைகளில் ஒன்பது, நன்றாகச் சூடாக ஓடிவந்து பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தி வைத்த பிறகு நடந்தவை. மழையில் நடந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பதினொன்றில் ஏழு தடவை முதல் பல்பு மங்கலாக எரிந்தது.

கொப்பியோடு போனபோது நானாவுக்கு மகிழ்ச்சி. மெல்லிய வயரின் முனையில் மீற்றரை வைத்துத் திறப்பைத் திருப்பச் சொன்னார். பற்றரியில் 12க்குக் கிட்ட இருக்க, அங்கே 8.3 வோல்ட். சொலனொயிட் தன்னுள்ளே இருக்கும் பிளஞ்சர் என்ற தண்டை இழுக்கும் கணத்தில் அதன் சுருள் 20 அம்பியருக்கும் மேல் கேட்கிறது. முப்பது வயதுச் சுவிட்சின் கரி பிடித்த முனைகளும் நீண்ட வயரும் அதைக் கொடுக்க முடியாமல் இடையிலேயே விழுங்கிவிடுகின்றன. சூடு ஏன் கெடுக்கிறது என்பதும் அப்போது விளங்கியது: செம்பின் மின்தடை ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.4 வீதம் கூடும், எஞ்சினின் சூட்டில் சுருள் 60 பாகை ஏறினால் கால்பங்கு அளவு கூடிவிடுகிறது. ஏற்கெனவே வலுவிழந்த இழுப்பு இன்னும் தளர்கிறது. நானா ஒரு ரிலேயை, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சைப் போட்டு, பற்றரியிலிருந்து பியூஸ் வைத்த தடித்த வயரில் சொலனொயிட்டுக்கு மின்சாரம் கொடுத்து, சுவிட்சுக்கு அந்த ரிலேயைத் தட்டிவிடும் சிறு வேலையை மட்டும் விட்டார். முனையில் 11.6 வோல்ட் வந்தது. நான் பல்புகளைக் கழற்றப் போனேன், அவர் விடவில்லை.

பத்தொன்பது நாள். இருபதாம் நாள் வத்தளையில் திறப்பைத் திருப்பியபோது முன்பைவிடப் பலமான ‘டக்’. முதல் பல்பு கண்ணைப் பறித்தது, இரண்டாவது இருட்டு. இறங்கிப்போய் வீல் ஸ்பேனரின் பிடியால் ஸ்டார்ட்டரில் மெல்லத் தட்டிவிட்டு வந்து திருப்ப, எடுத்தது. உண்மையைச் சொன்னால் அந்த இருட்டுப் பல்பைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. பதினோரு பதிவுகளில் ஏழு போக மிச்சமிருந்த நான்கிலும் முதல் பல்பு பிரகாசமாகத்தான் எரிந்திருந்தது. ஏழைக் கண்ட சந்தோஷத்தில் நாங்கள் இருவருமே அந்த நான்கைத் தள்ளி வைத்திருந்தோம்.

ஸ்டார்ட்டரைக் கழற்றினோம். பெயர்த்தகட்டில் ‘நிப்பொன்டென்சோ’ என்றிருந்தது. அந்த நிறுவனம் 1996இல் டென்சோ என்று பெயரைச் சுருக்கிக்கொண்டது. ஆகவே இது வாகனத்தோடு வந்த அசல் ஸ்டார்ட்டராகத்தான் இருக்க வேண்டும். சொலனொயிட்டின் பின்மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு செப்புத் தொடுமுனைகள். பிளஞ்சரின் தலையில் உள்ள செப்புத் தட்டு வந்து இரண்டையும் ஒருசேரத் தொட்டால்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகும். பற்றரிப் பக்கத்து முனை பாதிக்குமேல் தேய்ந்து குழி விழுந்திருந்தது, மற்றது அவ்வளவு மோசமில்லை. உயரம் வேறுபட்டதால் தட்டு ஒன்றைத் தொட்டு மற்றதை எட்டாமல் நிற்கிறது. அந்தத் தட்டு தன் அச்சில் சுழலக்கூடியது. நல்ல பகுதி குழிக்கு நேரே வந்தால் எடுக்கும், கரிந்த பகுதி வந்தால் ‘டக்’ மட்டும்தான். ரிலே போட்டதும் பிளஞ்சர் பலமாக இழுபட்டுத் தட்டு இறுக அழுந்தியதால்தான் பத்தொன்பது நாள் தாக்குப்பிடித்திருக்கிறது.

ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் செய்யும்போதும் அந்த முனைகளில் பொறி பறந்து செம்பு சிறிது கரைகிறது. நாளுக்கு இருபத்தைந்து கடைகளில் நிறுத்தி எடுக்கும் வாகனம் இது. போதாக்குறைக்கு 2022இல் டீசல் வரிசைகளில் இரவு பகலாக நின்று, இரண்டு வாகனம் நகர்ந்தால் எடுத்து, பத்தடி போய் அணைத்து என்று அதைப் படுத்திய பாடும் இருக்கிறது.

முழு ஸ்டார்ட்டரையும் மாற்றச் சொன்னவர்கள் உண்டு. பஞ்சிகாவத்தையில் மூன்று கடை ஏறி இறங்கி இரண்டு தொடுமுனைகளையும் ஒரு பிளஞ்சரையும் வாங்கினேன். ரீகண்டிஷன் ஸ்டார்ட்டர் ஒன்றுக்குச் சொன்ன விலையில் பத்திலொரு பங்குகூட ஆகவில்லை. பூட்டும் வேலை சிறியதுதான், ஆனால் பிளஞ்சரை உருவும்போது அதன் பின்னாலுள்ள சிறிய எஃகுக் குண்டு நழுவி விழக்கூடும். அது இல்லாமல் பூட்டிவிட்டால், எஞ்சினோடு பல் கோத்து அதைச் சுற்றும் சிறு பற்சக்கரமான பினியன் முன்னே போகாது. எங்களுடையது நானாவின் மேசைக்கடியில் உருண்டுபோய், அதைத் தேட எடுத்த நேரம் மற்ற வேலை முழுவதற்கும் எடுத்த நேரத்தைவிட அதிகம்.

இம்முறை எப்போது ‘சரி’ என்று சொல்வது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டேன். ரிலேக்குப் பிறகு பத்தொன்பது நாளில் ஏறக்குறைய 400 தடவை பிழையின்றி எடுத்த பின்னர்தான் பழுது திரும்பியது. ஆகவே அதன் மூன்று மடங்கு, அதாவது 1,200 தடவை, சூடான நேரங்களும் உட்பட எண்ணி முடிக்கும்வரை பல்புகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று. அந்தக் கணக்கு 2024 தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் நிறைந்தது. ஒரு தடவையும் தவறவில்லை. வயர்களைக் கழற்றி முனைகளை மூடிவிட்டு, இரண்டு பல்புகளையும் மாளிகாவத்தைக்குக் கொண்டுபோய் நானாவிடமே கொடுத்தேன். வேறொருவரின் வானுக்கு வேண்டுமென்று அப்போதே வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்.