அசெம்பிள் சிஸ்டத்துக்கு விண்டோஸ்: கொட்டேஷனில் இல்லாத அந்த ஒரு வரி

நெல்லை ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளை, எந்தப் பக்கம் போய் அசெம்பிள் சிஸ்டத்துக்குக் கொட்டேஷன் கேட்டாலும் தாள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். பிராசசர், போர்டு, ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட். விண்டோஸுக்கு மட்டும் பெரும்பாலும் வரியே இருக்காது. "அண்ணாச்சி, ஓஎஸ் போட்டுத் தருவியளா?" என்று கேட்டால், "போட்டு ஆக்டிவேட் பண்ணியே தந்துருவோம், அதுக்குத் தனியா துட்டு வேண்டாம்" என்பார்கள். சென்னை ரிச்சி தெருவிலிருந்து சாமான் வரவழைத்து வீட்டிலேயே பூட்டுகிறவர்களுக்கும் கடைசியில் இதே கேள்விதான்: விண்டோஸை எங்கே, எந்த வகையில், என்ன விலைக்கு வாங்குவது?

துட்டு வாங்காமல் போட்டுத் தருவது அநேகமாக கேஎம்எஸ் கிராக், அதாவது உரிமம் வாங்காமலே விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கள்ள வழி. கேஎம்எஸ் என்பது மைக்ரோசாஃப்ட் பெரிய நிறுவனங்களுக்குத் தந்திருக்கும் முறையான ஏற்பாடுதான். அலுவலக நெட்வொர்க்கில் ஒரு சர்வர் இருக்கும். குறைந்தது 25 கணினிகள் வந்து கேட்டால்தான் அது ஆக்டிவேட் செய்யத் தொடங்கும். ஒருமுறை செய்தால் 180 நாள் தாங்கும், அதற்குள் கணினி சர்வரை மறுபடி தொட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். கிராக் கருவி உங்கள் கணினிக்குள்ளேயே அந்த சர்வராக வேஷம் போடுகிறது. அது ஓட வேண்டுமென்றால் விண்டோஸின் சொந்த வைரஸ் காவலான டிஃபெண்டரை அணைக்க வேண்டும், அல்லது ஒரு ஃபோல்டரைப் பார்க்காதே என்று விலக்குக் கொடுக்க வேண்டும். உண்மையான ஆபத்து அந்த விலக்கில்தான் இருக்கிறது. பின்னால் வருகிற எந்த வைரஸும் அதே ஃபோல்டரில் நிம்மதியாகக் குடியிருக்கலாம். வங்கிக் கணக்கும் டேலியும் ஓடுகிற கணினியில் இது தேவையா என்று யோசியுங்கள்.

முறையாக வாங்குவதென்றால் வீட்டுக்காரருக்கு இரண்டு வழி: தனியாக விற்கும் ரீடெயில், கணினியோடு சேர்த்து விற்கும் ஓஇஎம். மூன்றாவதாக, மொத்தமாகத் தரும் வால்யூம் உண்டு. அது நிறுவனங்களுக்கு உரியது, தனியாளுக்கு ஒரு கீ (விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் உரிம எண்) மட்டும் என்று விற்கக்கூடியதே அல்ல.

ரீடெயில் கீயை ஒரு நேரத்தில் ஒரு கணினியில் பயன்படுத்தலாம். பழைய கணினியிலிருந்து எடுத்துவிட்டால் புதியதில் போடலாம், போர்டு மாறினாலும் கூடவே வரும். ஓஇஎம் கீ முதலில் ஆக்டிவேட் செய்த மதர்போர்டோடு கட்டப்பட்டது. போர்டு போனால் கீயும் போச்சு. வாரண்டியில் பழுதான போர்டை மாற்றினால் விதிவிலக்கு உண்டு, ஆனால் பில்லோடு போய்ப் பேச வேண்டியிருக்கும். இன்னொன்றைப் பலரும் சொல்வதில்லை. ஓஇஎம் சிஸ்டம் பில்டர் உரிமம், அசெம்பிள் செய்து இன்னொருவருக்கு விற்பவருக்காக எழுதப்பட்டது. விற்றவர்தான் அதற்கு சப்போர்ட்டும் தர வேண்டும். ஆகவே கடைக்காரரே பூட்டி, சிஸ்டத்தோடு சேர்த்து ஓஇஎம் போட்டு, ஒரே பில்லில் எழுதித் தந்தால் சரி. நீங்களே வீட்டில் பூட்டினால் ரீடெயில்தான் உங்களுக்கானது. விண்டோஸின் ஹோம் பதிப்பு ரீடெயிலில் பத்தாயிரத்தைத் தாண்டும், ப்ரோ பதிப்பு அதற்கும் மேலே. விலை உறுத்தும், மறுக்கவில்லை. ஆனால் போர்டு இரண்டு முறை மாறினாலும் அதே கீ என்று கணக்குப் போட்டால் ஓஇஎம்மின் மலிவு அவ்வளவு மலிவாகத் தெரியாது.

ப்ரோ தேவையா? வெளியிலிருந்து இந்தக் கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைய வேண்டும், அலுவலக டொமைனில் சேர்க்க வேண்டும், ஹைப்பர்-வியில் கணினிக்குள் கணினி ஓட்ட வேண்டும், குரூப் பாலிசி வேண்டும் என்றால் மட்டும். டேலி, ஃபோட்டோஷாப், பிள்ளைகள் படிப்பு எல்லாம் ஹோமில் ஓடும். ஹோமில் 'சிங்கிள் லாங்வேஜ்' வகை என்று பார்த்துத் தமிழ் வராதோ என்று பயப்பட வேண்டாம். மெனுவின் மொழியை மாற்றத்தான் தடை. தமிழ்99 விசைப்பலகை அதிலும் வரும். ஆனால் சிங்கிள் லாங்வேஜ் கீ சாதாரண ஹோமை ஆக்டிவேட் செய்யாது, கவனம்.

ஆன்லைனில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்க்கு 'லைஃப்டைம் ப்ரோ கீ' என்று வருவதெல்லாம் என்ன? பெரும்பாலும் எம்ஏகே எனப்படும், இத்தனை கணினிக்கு என்று எண்ணிக்கை வைத்த வால்யூம் கீ, டெவலப்பர் சந்தாவில் வந்த கீ, காயலான் கடை கணினியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கீ. அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. கீயைப் போட்டதும் இணையத்தில் ஆக்டிவேட் ஆகாமல், "போனில் ஆக்டிவேட் பண்ணுங்க, வர்ற நம்பரைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புங்க" என்று விற்றவர் சொன்னால் அது அநேகமாக எண்ணிக்கை தீர்ந்த எம்ஏகே. திரையில் ஏழேழு இலக்கமாக ஒன்பது கட்டம் வரும். அவர் ஆறாறு இலக்கமாக எட்டுக் கட்டம் திருப்பி அனுப்புவார். அன்றைக்கு வேலை நடக்கும். கீயை மைக்ரோசாஃப்ட் முடக்கிய அன்றோ, ஃபார்மட் அடித்த அன்றோ மறுபடி அவர் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும்.

கடையில் ஏற்கெனவே போட்டுக் கொடுத்த சிஸ்டத்தைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். விண்டோஸ் விசையும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தி, எஸ்-எல்-எம்-ஜி-ஆர் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு (/), டி-எல்-ஐ அடியுங்கள். சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் டிஸ்கிரிப்ஷன் வரியின் கடைசியைப் பாருங்கள். 'வால்யூம் கேஎம்எஸ் கிளையண்ட்' என்றிருந்தால் கிராக் என்றே வைத்துக்கொள்ளலாம். 'வால்யூம் எம்ஏகே' என்றிருந்தால் மேலே சொன்ன மலிவுக் கீ. டி-எல்-ஐ-க்குப் பதில் எக்ஸ்-பி-ஆர் அடித்தால் எதுவரை செல்லும் என்று காட்டும். 2038 என்று ஆண்டு வந்தால் அதுவும் கேஎம்எஸ் தந்திரம்தான். 'ரீடெயில்' என்று வந்துவிட்டால் சந்தோஷப்பட்டுவிடலாமா? முடியாது. கள்ளத்தனமாக டிஜிட்டல் உரிமம் (மைக்ரோசாஃப்ட் சர்வரில் அந்தக் கணினிக்கென்று பதிவாகும் உரிமம்) வாங்கித் தரும் கருவிகளும் உண்டு, அவை போட்டதும் ரீடெயில் என்றே காட்டும். கீயின் கடைசி ஐந்தாக 3வி66டி தெரிந்தால் அது உலகம் முழுக்க ப்ரோவுக்குப் பொதுவான நிறுவல் கீ. முறையான டிஜிட்டல் உரிமத்திலும் அதுதான் தெரியும், கள்ளத்திலும் அதுதான் தெரியும். திரை இதற்கு மேல் எதுவும் சொல்லாது. ஒரிஜினல் என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சாட்சி பில் மட்டுமே. அதில் 'விண்டோஸ் 11 ஹோம்' என்று தனி வரி, 18 சதவீத ஜிஎஸ்டி, கடையின் 33-இல் தொடங்கும் ஜிஎஸ்டி எண் மூன்றும் இருக்க வேண்டும். தொழிலுக்கு வாங்கி உங்களுக்கும் ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்.

பெட்டியாக வாங்கினால் கீயை மறைத்திருக்கும் பூச்சு சுரண்டாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பாக்கெட் இல்லாமல் ஸ்டிக்கரை மட்டும் தனியாக நீட்டினால் வாங்காதீர்கள்.

வாங்கும் நேரமும் முக்கியம். சிஸ்டம் பூட்டிய அன்றே கீ வாங்க வேண்டாம். விண்டோஸைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் மீடியா கிரியேஷன் டூல் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசம், 8 ஜிபி பென்டிரைவ் போதும். நிறுவும்போது 'என்னிடம் புராடக்ட் கீ இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து, எந்தப் பதிப்பை வாங்கப் போகிறீர்களோ அதையே போடுங்கள். ப்ரோ போட்டுவிட்டு ஹோம் கீ வாங்கினால் மறுபடி முதலிலிருந்து நிறுவ வேண்டும். ஆக்டிவேட் ஆகாத விண்டோஸில் மூலையில் எழுத்து தெரியும், செட்டிங்ஸில் வால்பேப்பர் மாற்ற முடியாது, மற்றபடி ஓடும். சில நாள் ரேம், எஸ்எஸ்டி, போர்டு எல்லாவற்றையும் சோதியுங்கள். போர்டில் கோளாறு என்றால் கீ கட்டப்படும் முன்பே மாற்றிவிடலாம்.

புதுப் போர்டில் நிறுவும்போது வைஃபை டிரைவர் இல்லாமல் 'நெட்வொர்க்கை இணை' என்ற திரையிலேயே நின்றுவிடுவது சகஜம். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி யுஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் பெரும்பாலும் உடனே நெட் வந்துவிடும். 'இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது' என்று வந்தால் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி அணைந்திருக்கிறதா பாருங்கள். இன்டெல் போர்டில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். நாலாம் தலைமுறை ஐ5 போன்ற செகண்ட்ஹேண்ட் போர்டு என்றால் கீக்குத் துட்டு போடவே வேண்டாம். விண்டோஸ் 11 அதை ஏற்காது, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 14.10.2025-இல் முடிந்துவிட்டது. லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் போடுங்கள், சட்டப்படியும் சுத்தம், செலவும் இல்லை. உங்களிடம் விண்டோஸ் 10 ரீடெயில் கீ இருந்தால் அது 11-ஐயும் ஆக்டிவேட் செய்யும். 7-இன் பழைய கீயை வைத்துப் புதிதாக ஆக்டிவேட் செய்யும் வழியை 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் இருக்கும் விண்டோஸ் அந்த மடிக்கணினிக்கே உரியது, கீயைப் பிடுங்கி அசெம்பிளில் போட முடியாது.

ஆக்டிவேட் ஆகாவிட்டால் பிழை எண்ணின் கடைசி நான்கைப் பாருங்கள். எஃப்050 என்றால் கீ தவறு அல்லது பதிப்பு வேறு (8-க்கும் பி-க்கும் குழப்பம்தான் முதல் சந்தேகம்). சி008 என்றால் கீ ஏற்கெனவே வேறிடத்தில் ஓடுகிறது. எஃப்074 என்றால் கணினி கேஎம்எஸ் சர்வரைத் தேடுகிறது, யாரோ வால்யூம் கீ போட்டிருக்கிறார்கள். எஃப்213 போர்டு மாற்றிய பின் வருவது.

அந்த எஃப்213 வந்தால் திணறாமல் இருக்க, ஆக்டிவேட் ஆனதுமே செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் போய் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். பிறகு ரீடெயில் கீயோடு போர்டு மாற்றினால் அதே இடத்தில் டிரபிள்ஷூட் அழுத்தி, 'சமீபத்தில் வன்பொருள் மாற்றினேன்' என்பதைத் தேர்ந்து, பட்டியலில் பழைய கணினியின் பெயரைக் காட்டினால் முடிந்தது. 'டெஸ்க்டாப்' என்று தொடங்கும் கிறுக்கு எழுத்துகளை அப்படியே விடாமல் கணினிக்கு முதலிலேயே ஒரு பெயர் வைத்திருந்தால் இங்கே உதவும்.

சிஸ்டத்தை விற்கப் போகிறீர்கள், ரீடெயில் கீயை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து அதே எஸ்எல்எம்ஜிஆருக்குப் பின் இடைவெளி, சாய்கோடு, யு-பி-கே அடியுங்கள். கீ அந்தக் கணினியிலிருந்து நீங்கிவிடும். ஓஇஎம் என்றால் இந்த வேலையே இல்லை, ஸ்டிக்கரோடு அப்படியே வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.