தாயார் ஆள் அனுப்பிய சனிக்கிழமை

வேண்டிக்கொண்டது நான் அல்ல, என் அம்மா. போன வருடம் என் கணவருக்கு இதயத்தில் இரண்டு அடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் வைத்த இரவில், மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து யாருக்கும் கேட்காமல் வேண்டியிருக்கிறாள். "மாப்பிள்ளை எழுந்து நடந்தால், திருநின்றவூர் இருதயாலீசுவரா, நானே ரயிலேறி வந்து உன்னைப் பார்க்கிறேன்." அந்த 'ரயிலேறி' என்ற ஒரு வார்த்தையில்தான் எல்லாம் வந்து மாட்டிக்கொண்டது.

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தம்பி பெங்களூரிலிருந்து தொலைபேசியில் கெஞ்சினான். "வாடகைக் கார் நான் பிடித்துத் தருகிறேன், வாசலில் ஏறி வாசலில் இறங்கலாம்." அம்மா அசையவில்லை. சாமியிடம் ஒன்று சொல்லிவிட்டு வேறொன்று செய்யக் கூடாதாம். "கார் என்று வேண்டியிருந்தால் காரில் போயிருப்பேன். ரயில் என்று வேண்டிவிட்டேன்." இதற்கு மேல் என்ன பேசுவது? எங்களிடம் சொந்தக் காரும் இல்லை. பெரம்பூரில் குடியிருக்கும் எங்களுக்கு மேற்கே போகும் மின்சார ரயில்தான் கார்.

புரட்டாசி சனிக்கிழமை வேண்டாம், கூட்டம் நெரியும் என்று நான் சொன்னதும் எடுபடவில்லை. அதே ஊரில் பெருமாளும் இருக்கும்போது புரட்டாசி சனியை விட்டு வேறு நாளில் போவார்களா என்று திருப்பிக் கேட்டாள். அம்மா, நான், என் கணவர் மூவரும் கிளம்பினோம்.

முதல் தப்பு என்னுடையது. தாமரைப்பூ வாங்க நின்றதில் பார்த்து வைத்திருந்த வண்டி போய்விட்டது. அடுத்து வந்த வண்டியில் பெயர்ப்பலகையைப் பார்க்காமல் அம்மாவை ஏற்றிவிட்டேன். இந்தப் பாதையில் போகிற எல்லா வண்டியும் திருநின்றவூர் தாண்டித் திருவள்ளூர் வரை போவதில்லை என்பது எனக்குத் தெரியாத விஷயமா? பல வண்டிகள் ஆவடியோடு நின்றுவிடும். நாங்கள் ஏறியதும் அதில் ஒன்று. ஆவடியில் எல்லோரும் இறங்கினார்கள். நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். விளக்கும் மின்விசிறியும் அணைந்த பிறகுதான் உறைத்தது. அடுத்த வண்டி வேறு நடைமேடையில். அம்மா மேம்பாலப் படிகளை அண்ணாந்து பார்த்தாள். ஒரு படிக்கு ஒரு நாமம் சொல்லி ஏறினாள். ஏறும்போது சிவ நாமம், இறங்கும்போது ராம நாமம். இடையில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை.

காத்திருந்த நேரத்தில்தான் அம்மா அந்தக் கதையைச் சொன்னாள். இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. அப்பா இருந்த காலத்தில் அமாவாசைதோறும் இருவரும் தர்ப்பணத்துக்குத் திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்குப் போவார்கள். இதே பாதை, இதே ரயில். "அப்போது எல்லோரும் தின்னனூர் என்றுதான் சொல்வோம். ரயில் அங்கே நிற்கும்போதெல்லாம் உன் அப்பா, அடுத்த அமாவாசைக்கு இங்கே இறங்கிவிடலாம் என்பார். இருபது வருடம் சொன்னார்." இறங்கவே இல்லை. அப்பா போனதும் நெஞ்சு வலியில்தான். அம்மா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் தாமரை மொட்டுகளை மூடிக்கொண்டாள்.

பட்டாபிராம், நெமிலிச்சேரி என்று ஒவ்வொன்றாகக் கடந்து ஒருவழியாகத் திருநின்றவூர் வந்தது. சென்ட்ரலிலிருந்து கணக்கிட்டால் சுமார் 30 கிலோமீட்டர்தான். எங்களுக்கு அரை நாள் போல் இருந்தது.

வழியில் மனம் கசந்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆட்டோக்காரர், எந்த ஊரில் என்று சொல்லப்போவதில்லை, அம்மா நொண்டி நடப்பதைப் பார்த்ததும் விலையை ஏற்றினார். ஒரு கோயிலுக்கு 300 ரூபாய், ஐந்து கோயில் என்றால் 'சலுகை'யாம். நாங்கள் ஐந்து கோயில் கேட்கவே இல்லை. இன்னொரு சன்னதித் தெருவில் ஒருவர் செருப்பைக் கழற்றுமுன் கூடவே நடந்து வந்து, தோஷம் இருக்கிறது, முகத்தில் தெரிகிறது என்றார். என் முகத்தில் தெரிந்தது தூக்கமின்மை. நான்கு மணிக்கு எழுந்து புளிசாதம் கட்டியவளுக்கு வேறென்ன தெரியும்? பூக்கடைப் பாட்டி ஒருத்திதான் அந்த ஆளை விரட்டிவிட்டு, "ஷேர் ஆட்டோ வரும், நில்லுங்கள்" என்று நிழலில் உட்காரச் சொன்னாள். எங்களிடம் பூ இருந்ததால் அவளிடம் வாங்கவும் இல்லை. இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

வேண்டுதல் முதலில் என்று நேரே இருதயாலீசுவரர் சன்னதிக்குப் போனோம். அங்கே கூட்டமே இல்லை. ஊரே பெருமாளிடம் போயிருந்தது. மனத்துக்குள்ளேயே இந்தச் சாமிக்குக் கோயில் கட்டிய பூசலார் நாயனார் கதை படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். கையில் காசில்லாத மனிதர் மனத்துக்குள்ளேயே கல் தேடி, தச்சர் தேடி, நாள் குறித்து, சிற்பமும் சுண்ணமும் பார்த்துப் பார்த்துக் கட்டினார், சரி. காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய பல்லவ மன்னன் காடவர்கோன் கனவில் இறைவன் போய், நாளை நின்றவூரில் அன்பனுடைய ஆலயத்துக்குள் புகுகிறேன், உன் குடமுழுக்கை வேறொரு நாள் வைத்துக்கொள் என்று சொன்னாரே, மன்னனுக்கு எப்படி இருந்திருக்கும்? அவன் பரிவாரத்தோடு இந்த ஊருக்கு வந்து, கோயில் எங்கே என்று தெருத் தெருவாகக் கேட்டிருக்கிறான். கோயிலே இல்லை. ஒரு ஏழையைக் காட்டினார்கள். வண்டியில் வந்தவன் மன்னன், ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர் பூசலார், சாமி யார் பக்கம் போனார் பார்த்தாயா என்று அம்மா என்னைக் கேட்டாள். அந்தக் கேள்வி தம்பிக்கு என்பது எனக்குப் புரிந்தது.

என் கணவர் பெரிய பக்தர் இல்லை. கோயிலுக்கு வருவார், தூணோரம் நிற்பார், வந்துவிடுவார். அன்றைக்கு அர்ச்சனைத் தட்டை அவரே வாங்கிக்கொண்டார். பெயர், நட்சத்திரம் சொன்னார். தீபாராதனை காட்டும்போது வலது கை தானாக நெஞ்சுக்குப் போனது. வலிக்கிறதா என்று பதறிவிட்டேன். இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார். கண்கள் நிறைந்திருந்தன. வேண்டுதல் முடிந்தது. அம்மா கீழே விழுந்து கும்பிட முடியாமல், நின்றபடியே தலையைக் குனிந்து, "வந்துவிட்டேன் அப்பா, ரயிலில்தான் வந்தேன்" என்றாள்.

பக்தவத்சலப் பெருமாள் கோயிலுக்குப் போகும்போது நடை சாத்தும் நேரம் நெருங்கிவிட்டது. வரிசை வெளியே வந்து வளைந்திருந்தது. புரட்டாசி சனிக்கிழமையைப் பற்றி நான் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை. தள்ளுமுள்ளு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே குறுக்கே புகுகிறவர்கள், கையில் கைப்பேசியை உயர்த்திக்கொண்டு கோவிந்தா போடுகிறவர்கள், அண்ணனுக்கு இடம் பிடித்து, அண்ணன் வந்து, அண்ணனோடு பதினொரு பேர் வந்து நுழைகிறவர்கள். பெருமாளைச் சேவித்தது இரண்டு விநாடி இருக்கும். நின்ற திருக்கோலம், மாலை, அவ்வளவுதான் கண்ணில் நிற்கிறது. அதற்குள் நகருங்கள், நகருங்கள்.

தாயார் சன்னதியில் அதுவும் கிடைக்காது போலிருந்தது. திரை போட்டிருந்தார்கள், உள்ளே நைவேத்தியம். அம்மாவுக்கு அதற்கு மேல் கால் நிற்கவில்லை. பின்னால் ஒரு தூணைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தாமரை மடியில் இருந்தது. திரை விலகும் மணிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னே பாய்ந்தார்கள். நான் அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கினேன், முடியவில்லை. என் கணவர் இன்னொரு பக்கம் பிடித்தார், அவரைக் கனம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள். எங்கள் முன்னால் முதுகுகள் மட்டும்தான். கற்பூர வெளிச்சம் மேலே விதானத்தில் தெரிந்தது. அம்மா அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ போ, பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இந்தத் தாயாருக்குப் பெயரே 'என்னைப் பெற்ற தாயார்'. கோபித்துக்கொண்டு வைகுண்டத்திலிருந்து வந்து திருமகள் நின்ற ஊர் இது. திரும்ப அழைக்க வந்த கடலரசன் அப்படித்தான் அழைத்தானாம். என்னைப் பெற்றவளைத் தூணடியில் விட்டுவிட்டு நான் மட்டும் எப்படிப் போவது?

போகவில்லை. அங்கேயே நின்றேன்.

தீர்த்தம் கொடுத்து, சடாரி சாதித்துக்கொண்டிருந்த பட்டர் பெரியவர், வரிசை பாதியில் இருக்கும்போதே சன்னதிப் படியிறங்கினார். கூட்டம் அவருக்கு வழிவிட்டு விலகியது. நேரே தூணடிக்கு வந்தார். எங்களை அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை, முதுகுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளை அவர் எப்படிப் பார்த்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. குனிந்து அம்மாவின் கையில் தீர்த்தம் விட்டார். தலையில் சடாரியை வைத்தார். மடியிலிருந்த தாமரையைத் தாமே எடுத்துக்கொண்டார். "தாயாருக்குத்தானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் விலக்கிவிட்டுப் போன வழி மூடுவதற்குள் ஒரு கண இடைவெளி. அதில், உட்கார்ந்த இடத்திலிருந்தே, அம்மாவுக்குத் தாயாரின் முகம் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. மூக்குத்தி ஒளியும் மஞ்சளும்.

திருமங்கையாழ்வார் இந்த ஊரைப் பாடாமல் கடந்து போனார் என்று தாயாருக்கு மனத்தாங்கல் வந்து, போய்ப் பாடல் வாங்கி வாருங்கள் என்று பெருமாளைத் துரத்தி அனுப்பிய கதை எல்லோருக்கும் தெரியும். ஆழ்வார் அதற்குள் கடல்மல்லைக்கு, அதாவது மாமல்லபுரத்துக்குப் போய்விட்டார், அங்கே வாங்கியது ஒன்று. ஒன்றுதானா என்று திரும்பவும் அனுப்பி, கண்ணமங்கையில் வாங்கியது இன்னொன்று. நின்றவூரில் நிற்காமல் போகிறவர்களை இவள் விடுவதில்லை. அம்மா தலையில் கைவைத்துச் சடாரி பட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இருபது வருடம் இறங்காமல் போனேன் இல்லையா, ஆள் அனுப்பிவிட்டாள்."

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. புளிசாதம் எங்கே சாப்பிட்டோம், எத்தனை மணி ரயிலில் திருவள்ளூர் போனோம், ஒன்றும் தெளிவாக இல்லை. தாயே, தாயே என்று மனம் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. கார் வந்திருந்தால் ஆவடியில் நின்றிருக்க மாட்டோம், சீக்கிரம் வந்திருப்போம், திரைக்கு முன்பே வரிசையில் தள்ளப்பட்டு இரண்டு விநாடியில் வெளியே வந்திருப்போம். பெயர்ப்பலகை பார்க்காத என் கண்ணுக்கும் ஒரு நமஸ்காரம்.

திருவள்ளூரில் நிலையத்திலிருந்து கோயில் தொலைவு, ஆனால் பஸ்ஸுக்குக் குறைவில்லை. நடை திறக்கும்வரை குளக்கரையில் இருந்தோம். அம்மா தன் முழங்காலுக்காக வெல்லம் வாங்கிக் குளத்தில் இட்டாள். வைத்திய வீரராகவன் ஆயிற்றே. முதியவராக வந்து, சாலிஹோத்ர முனிவர் வைத்திருந்த மாவையெல்லாம் உண்டுவிட்டு, படுக்க இடம் எங்கே என்று கேட்டு அவர் காட்டிய இடத்தில் படுத்தவர், இன்னும் அவர் தலையில் கைவைத்தபடியே சயனித்திருக்கிறார். மாலையில் நடை திறந்ததும் நின்று நிதானமாகச் சேவித்தோம். அப்பா எந்தப் படியில் உட்கார்ந்து தர்ப்பணம் செய்வார் என்று அம்மா எங்களுக்குக் காட்டினாள்.

திரும்பும் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இந்த முறை பெயர்ப்பலகையை மூன்று தடவை பார்த்தேன். முதல் நிலையமே புட்லூர். "இங்கே பூங்காவனத்தம்மன் படுத்திருப்பாளே, நிறைமாதக்காரியாக" என்று அம்மா இருட்டில் எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

என் கணவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அத்தை, இங்கே அடுத்த மாதம் இறங்கிவிடலாம்" என்றார்.

அம்மா ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. "அடுத்த மாதம் என்று சொல்லாதீர்கள் மாப்பிள்ளை. தேதியைச் சொல்லுங்கள்."

அவர் கைப்பேசியில் நாள்காட்டியைத் திறந்தார்.