ஊசி ஒரு நிமிடம், எண்ணைத் தேட அரை நாள்: தாராவி முகாமின் பதிவு மேசை

கொரோனா தடுப்பூசி இரண்டும் போட்டு 14 நாள் ஆனவர்கள் 2021 ஆகஸ்ட் 15 முதல் மும்பை லோக்கல் ரயிலில் போகலாம் என்று அறிவிப்பு வந்தது. அதன் பிறகு எங்கள் தாராவி முகாமில் ஊசி மேசையைவிடப் பதிவு மேசையில்தான் நெரிசல். இரண்டு ஊசியும் போட்டவர்கள் கையில் இரண்டு 'முதல் தவணை'ச் சான்றிதழோடு வந்து நின்றார்கள். அதைக் காட்டினால் ரயில் பாஸ் கிடைக்கவில்லை. கூலி வேலைக்குப் போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய அடி! ஒரே கேள்வியில் தவிர்த்திருக்கலாம் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்தக் கேள்வியும், 2021-இல் முகாம் மேசையில் இருந்தவர்களுக்குச் சொன்ன மற்றவையும் இவை:

"ஆச்சி, முதல் ஊசிக்கு யாரு நம்பர் குடுத்திய?"

தடுப்பூசிப் பதிவுக்கான அரசின் கோவின் தளம் ஆளைத் தேடுவது கைபேசி எண்ணை வைத்து. முதல் தடவை மகன் எண், இரண்டாம் தடவை பக்கத்து வீட்டு எண் என்றால் புது ஆளாகப் பதிவாகி மறுபடி முதல் தவணை என்றே விழும். சான்றிதழை இறக்கும்போது ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் போகும். ஆகவே முதல் தவணைத் தேதியும் மருந்தின் பெயரும் திரையில் தெரியாமல் இரண்டாம் ஊசிக்கு ஆளை உள்ளே விடாதீர்கள். மகன் வேலையில் இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள், பத்து நிமிடம் போனாலும் பரவாயில்லை.

அடுத்தது பெயர். நம் தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, இன்ஷியல்தான். இங்கே பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று கேட்டே பழகியவர்கள் 'எஸ் முருகன்' என்பதை முருகன் சுப்பையா என்று விரித்துவிடுவார்கள். ஆதாரில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட, அப்படியே அடிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அட்டையைத் திரையோடு ஒட்டிப் பிடித்து நீங்களே ஒப்பிடுங்கள். பிறந்த ஆண்டையும் பாருங்கள். பிறகு கோவினில் திருத்த வழி உண்டு, ஆனால் ஒரே தடவைதான். அதை அவசரத்தில் வீணாக்கக் கூடாது.

இரண்டு ஊசிக்கும் இடையிலான நாள் கணக்கை டோக்கன் கொடுக்கும் இடத்திலேயே முடித்துவிடுங்கள். கோவாக்சின் என்றால் 28 நாள். கோவிஷீல்டுக்கு 6 முதல் 8 வாரம் என்றிருந்ததை 2021 மே 13-இல் 12 முதல் 16 வாரமாக்கிவிட்டார்கள். பழைய தேதி எழுதிய சீட்டோடு வெயிலில் நின்ற வயசாளிகளை மேசை வரை வரவிட்டுத் திருப்பி அனுப்புவது கொடுமை.

ஊசி, அரை மணி நேரக் காத்திருப்பு இரண்டும் நாற்காலி போதுமான அளவு இருந்தால் தானாக நடக்கும்.

சாயங்காலம் மட்டும் கவனம் வேண்டும். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 பேருக்கு மருந்து, திறந்தால் 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். திறந்த நேரத்தைக் குப்பி மேலேயே எழுதுங்கள். மூன்று பேர்தான் மிச்சம் என்றால் திறக்குமுன் தெருவுக்கு ஓர் ஆளை அனுப்புங்கள். ஒருநாள் சாயங்காலம் அப்படிப் போனவர் கடைகளில் இருந்த ஏழு அண்ணாச்சிமார்களை ஆதாரோடு கூட்டி வந்தார். குப்பியில் ஒரு சொட்டு வீணாகவில்லை.