யெர்பா மாத்தே: தேயிலை அல்ல, ஆனால் கஃபீன் உண்டு

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் இயற்கை உணவுப் பொருள்களை விற்கும் கடைகளில் யெர்பா மாத்தே பொட்டலங்கள் இப்போது கண்ணில் படுகின்றன. தென்னமெரிக்காவில் விளையும் ஒரு வகைத் தேயிலை என்றும், கஃபீனுக்குப் பதிலாக 'மாட்டீன்' என்ற மென்மையான பொருளைக் கொண்டது என்றும் இதனைப் பலர் அறிமுகப்படுத்துகிறார்கள். இவ்விரண்டுமே தவறு. மாணவர்களுக்கு வேதியியல் கற்பித்தவன் என்பதால், இரவு உறக்கம் வராதவர்களுக்கும் இதயத் துடிப்பில் சிக்கல் உள்ளவர்களுக்கும் இவ்விலை இப்படிப் பரிந்துரைக்கப்படுவது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

தேயிலை கமேலியா இனத்துச் செடி. மாத்தேயோ ஐலெக்ஸ் இனத்தைச் சேர்ந்த மரம். கிறிஸ்துமஸ் அலங்காரங்களில் சிவந்த பழங்களோடு காணப்படும் ஹோலிச் செடியின் உறவு. பிரெஞ்சுத் தாவரவியலாளர் சேன்-இலேர் 1822இல் இதற்கு ஐலெக்ஸ் பராகுவாரியென்சிஸ் என்று பெயரிட்டார். பராகுவே, வடகிழக்கு அர்ஜென்டினா, தென் பிரேசில் ஆகிய பகுதிகளின் காடுகளே இதன் தாயகம். காட்டில் 15 மீட்டர் வரை வளரக்கூடிய இம்மரத்தைத் தோட்டங்களில் கைக்கெட்டும் உயரத்திற்குக் கவாத்து செய்து வைக்கிறார்கள். ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியானவை என்பதால், சிறிய வெண்பூக்கள் இரண்டிலும் மலர்ந்தாலும் பழம் பெண் மரத்தில் மட்டுமே காய்க்கும்.

இம்மரத்தின் வரலாற்றையே திசைதிருப்பியது அதன் விதை. நம் தோட்டப்புறங்களை உருவாக்கிய ரப்பரும் தென்னமெரிக்க மரம்தான். ஆனால் ரப்பர் விதை சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும் என்பதால், 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்திற்குச் சென்ற சுமார் 70,000 விதைகளில் மிகச் சிலவே முளைத்தன. மாத்தே விதையின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. அதன் ஓடு கடினமானது. பழம் பழுத்த பின்னும் உள்ளிருக்கும் கரு முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை. ஆகவே முளைக்க மாதக்கணக்கில் ஆகும். அப்பகுதியின் பழங்குடியினரான குவாரனி மக்களிடமிருந்து இவ்விலையை அறிந்துகொண்ட இயேசு சபைத் துறவிகள், 17ஆம் நூற்றாண்டில் இதனைத் தோட்டப் பயிராக்கினார்கள். 1767இல் ஸ்பானிய ஆட்சி அவர்களை வெளியேற்றியபின் அத்தோட்டங்கள் பாழடைந்தன, வளர்ப்பு முறையும் மறைந்தது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காட்டு மரங்களின் இலையே சந்தைக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் விதையை முளைக்கவைக்கும் வழி மீண்டும் கைகூடியது.

இனி வேதியியல். 'மாட்டீன்' என்று தனிப்பொருள் எதுவும் இல்லை, அது கஃபீனேதான். உலர்ந்த இலையின் எடையில் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு கஃபீன் இருக்கிறது. கொக்கோவில் உள்ள தியோபுரோமினும் அதைவிடக் குறைந்த அளவில் உண்டு. பச்சைத் தேயிலையின் சிறப்பான கேட்டச்சின்கள் இதில் இல்லையென்றே சொல்லலாம். அவற்றின் இடத்தில் காப்பிக் கொட்டையில் உள்ள குளோரோஜெனிக் அமில வகைகள் நிறைந்துள்ளன. நுரைக்கும் கசப்புக்கும் சபோனின்கள் பெரும் காரணம். பறித்த இலையைத் தாமதிக்காமல் நெருப்பின் நேர் வெப்பத்தில் சில நொடிகள் வாட்டுகிறார்கள். இலையைக் கறுக்கச் செய்யும் நொதி அந்த வெப்பத்தில் செயலிழந்துவிடுவதால் பசுமை நிலைக்கிறது. பிறகு உலர்த்தி, நொறுக்குகிறார்கள். அர்ஜென்டினாவில் மாதக்கணக்கில் முதிரவைப்பதும், தென் பிரேசிலில் புதிதாகவே பொடித்துப் பருகுவதும் வழக்கம். விறகுப் புகையில் உலர்த்தும்போது, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சோபைரீன் போன்ற பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் இலையில் படிவதுண்டு. புகையின்றி உலர்த்தியதைத் தேடி வாங்குவது நல்லது என்பது என் கருத்து.

பருகும் முறை தனித்துவமானது. சுரைக்குடுக்கையில் பாதிக்கு மேல் இலையை நிரப்பி, ஒரு பக்கமாகச் சாய்த்து, வெதுவெதுப்பான நீரால் நனைத்தபின், அடியில் சல்லடையுள்ள உலோகக் குழாயைச் செருகுகிறார்கள். அதன்பின் 70 முதல் 80 பாகை செல்சியஸ் வரை சூடான நீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். கொதிநீர் ஊற்றினால் கசப்பு மிகும். ஊற்றித் தருபவர் ஒருவரே. முதல் குடுக்கையை அவரே பருகிவிட்டு, அதே குடுக்கையை மீண்டும் நிரப்பி ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். சூட்டைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை தேவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல், 65 பாகைக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. அவ்வளவு சூடில்லாத மாத்தேயை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆகவே குடுக்கையில் ஊற்றிய நீரைச் சற்று ஆறவிட்டு உறிஞ்சுவதே பாதுகாப்பானது.

தே ஓ ஐஸ் என்னும் பாலில்லாத குளிர்ந்த தேநீரை அருந்திப் பழகிய நமக்கு, பராகுவேயின் தெரேரே இன்னும் பொருத்தமானது. குளிர்ந்த நீரையே இலையில் ஊற்றி, புதினா, நம் சமையலறைச் செராய் (எலுமிச்சைப்புல்) முதலியவற்றை நசுக்கிச் சேர்க்கிறார்கள். மூலிகை அறிவோடு இணைந்த இவ்வழக்கத்தை யுனெஸ்கோ 2020இல் பண்பாட்டு மரபாகப் பதிவுசெய்தது. குளிர்ந்த நீரிலும் கஃபீன் கரையும் என்பதால், கருவுற்ற பெண்கள் இதனையும் தாங்கள் அன்றாடம் பருகும் காப்பி, தேநீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.