பொன்னியோடு வேப்பேரிக்கு

எங்கள் நாய்க்குட்டி பொன்னியின் முன்னங்கால்கள் இரண்டும் மணிக்கட்டில் இறங்கிக் கிடந்ததை முதலில் கவனித்தது அப்பாதான். காபி டம்ளரோடு ஹாலில் உட்கார்ந்திருந்தவர், "இங்கே வந்து பாரம்மா, இது விரலை ஊன்றி நடக்கவில்லை, உள்ளங்கையை ஊன்றி நடக்கிறது" என்றார். குனிந்து பார்த்தேன். நிமிர்ந்து நிற்க வேண்டிய பாதம் தரையோடு படிந்திருந்தது. விரல்கள் விசிறி போல விரிந்திருந்தன. ஓடி வந்து என்மேல் சாய்ந்தபோது முன்னங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போயின. வலியில் கத்தவில்லை, வாலை ஆட்டியது. எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

பொன்னி, கிரேட் டேன் என்ற ராட்சத ஜாதியில் பெண் குட்டி. பொன்னிற உடம்பு, முகத்தில் மட்டும் மை பூசியது போலக் கறுப்பு. அன்றைக்கு அதற்கு 11 வாரம். வீட்டுக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அதன் உடம்புக்குள் நாங்கள் என்னவெல்லாம் போட்டிருக்கிறோம் என்று அன்று காலை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பையில் வரும் குட்டி உணவு மூன்று வேளை, அதன்மேல் பால், தினம் ஒரு முட்டை. விற்றவர் கையோடு கொடுத்தனுப்பிய கால்சியம் பொடி காலையும் மாலையும். பக்கத்துத் தெருக் கிளினிக்கில் முதல் வாரம் காட்டியபோது எழுதிக் கொடுத்த கால்சியம் சிரப் இரவில். அந்தக் கிளினிக்கில் குட்டியை எடை போடவில்லை, காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. "பெரிய ஜாதி, எலும்பு தேற வேண்டும்" என்று சொல்லிச் சீட்டை நீட்டினார்கள். அந்த இரண்டு நிமிடத்தை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. கால்சியம் கூடினால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

வேப்பேரிக்கே போய்விடுவோம் என்று அப்பா சொன்னார். அங்கே இருப்பது சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. கல்லூரி 1903இல் தொடங்கியது. வில்லிவாக்கத்தில் எங்கள் தாத்தா மாடு வைத்திருந்த காலத்தில், கன்று போட முடியாமல் சிரமப்பட்டுத் தேறிய பசு ஒன்றை அயனாவரம் வழியாக நடத்தியே அங்கே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். அப்பா அப்போது சிறுவன், கயிற்றின் பின்னால் நடந்து போனவர். அதனால் அந்த ஆஸ்பத்திரிமேல் அவருக்கு ஒரு நம்பிக்கை.

நாயோடு போவதாகச் சொன்னதும் இரண்டு டாக்ஸிக்காரர்கள் வர மறுத்துவிட்டார்கள். தெருமுனை ஆட்டோக்காரர் வந்தார். சீட்டின்மேல் பழைய போர்வையை விரித்து, பொன்னியை மடியில் போட்டுக்கொண்டேன். கொன்னூர் நெடுஞ்சாலை, ஓட்டேரி, புரசைவாக்கம் என்று காலை நெரிசலில் ஊர்ந்து டவுட்டன் வந்து சேர்வதற்குள் என் தொடை மரத்துப்போய்விட்டது. காலை ஏழரைக்கே கிளம்பியதால் வெயில் ஏறவில்லை. குட்டி நாயை வெயில் நேரத்தில் ஆட்டோவில் கொண்டு போகாதீர்கள், அதன் மூச்சிரைப்பு நம்மையும் பதற வைத்துவிடும்.

காத்திருக்கும் இடத்தில் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தேன். பொன்னியைத் தரையில் விடவே இல்லை. பார்வோ என்ற வைரஸ் நோயுற்ற நாயின் மலத்தில் வெளியேறும். மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரண சோப்பால் கழுவினால் போகாது. ஊசிகள் முடியாத குட்டிக்கு அது வந்தால் வாந்தியும் ரத்தப்பேதியுமாகச் சில நாளில் உயிரையே கொண்டுபோய்விடும். ஆஸ்பத்திரிக்கு நோயுற்ற நாய்கள் வரத்தான் செய்யும். பொமரேனியன் குட்டி என்றால் கூடையில் வைத்துக்கொள்ளலாம். 12 கிலோக் குட்டியை மடியிலேயே வைத்திருப்பது என்றால் இரண்டு பேர் வேண்டும். நானும் அப்பாவும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம். ஆசையாகத் தடவ வந்தவர்களிடம் "ஊசி இன்னும் முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. காய்ச்சலில் துவண்ட நாட்டு நாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஒரு பெரியவர், தானாகவே நான்கடி தள்ளிப் போய் நின்றார். அவரை மறக்க முடியாது.

சீட்டுப் போட்டு உள்ளே அழைத்ததும் முதல் வேலை எடை. விரிப்பைப் போட்டுத் தராசு மேடையில் நிறுத்தினோம். 12.4 கிலோ. அதை எழுதிக்கொண்ட பிறகுதான் டாக்டர் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டார். நடுத்தர வயதுப் பெண், நிதானமான குரல். புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தவர், "ஸ்டிக்கர் எங்கே?" என்றார். எனக்குப் புரியவில்லை. ஊசி மருந்துக் குப்பியின்மேல் இருக்கும் லேபிளை உரித்து, தேதிக்கு நேராக ஒட்டுவார்களாம். மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும். எங்கள் புத்தகத்தில் "முதல் ஊசி போட்டாயிற்று" என்ற எழுத்தும் ஒரு கிறுக்கலும் மட்டுமே இருந்தன. "இதைக் கணக்கில் எடுக்க முடியாது அம்மா, புதிதாகத் தொடங்குவோம்" என்றார். குட்டி வாங்குகிறவர்கள் பணத்தைக் கொடுக்கும் முன் அந்த ஸ்டிக்கரைப் பாருங்கள்.

பிறகு அவர் உடனே பொன்னியைத் தொடவில்லை, சும்மா நடக்கவிட்டுப் பார்த்தார். கிருமிநாசினி போட்டுத் துடைத்த ரப்பர் விரிப்பின்மேல் நான் ஒரு முனையிலும் அப்பா மறு முனையிலும் நின்று மாறி மாறிக் கூப்பிட்டோம். நான்கைந்து முறை நடந்ததும் டாக்டர் தரையில் உட்கார்ந்து, அதன் வலது முன்னங்காலைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு விரலாக மடக்கினார். மணிக்கட்டுக்கு மேலே எலும்பின் முனையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே பொன்னியின் முகத்தைப் பார்த்தார். அழுத்தும் விரலைப் பார்க்காமல் முகத்தைப் பார்ப்பது ஏன் என்று கேட்டேன். "வலித்தால் முதலில் கண்ணில் தெரியும்" என்றார். சூடு இல்லை, வீக்கம் இல்லை, வலியும் இல்லை. இருந்தாலும் எலும்பு நோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்ய எக்ஸ்ரே எழுதினார்.

எக்ஸ்ரேவுக்கு அப்பா ஈய அங்கியை மாட்டிக்கொண்டு பொன்னியைப் பிடித்துக்கொண்டார். படத்தைத் திரையில் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. "எலும்பு துண்டாகி இருக்கிறதே டாக்டர்!" என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. முன்கை எலும்புகளின் முனைக்கும் தண்டுக்கும் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி. ஓர் எலும்பில் அது நேர்கோடாகவும் பக்கத்து எலும்பில் கூம்பாகவும் இருந்தது. டாக்டர் அப்பாவின் தோளைத் தொட்டு, அது முறிவு அல்ல, வளர்ச்சித் தட்டு என்றார். இன்னும் எலும்பாக மாறாத குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் கறுப்பாகத்தான் தெரியும். அங்கிருந்துதான் கால் நீளமாக வளர்கிறது. சின்ன ஜாதி நாய்களுக்கு ஒரு வயதுக்குள் அது மூடிவிடும், பொன்னி மாதிரி ராட்சத ஜாதிக்கு ஒன்றரை வயது, சிலவற்றுக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை இந்தக் கறுப்புக் கோடுதான் அந்த எலும்பிலேயே பலவீனமான இடம்.

இது மணிக்கட்டுத் தளர்ச்சி என்றார். வேகமாக வளரும் பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு இந்த வயதில் வருவதுதான். எலும்பு நீள்கிற வேகத்துக்குத் தசைநார்கள் ஈடுகொடுப்பதில்லை. கட்டுப் போடத் தேவையில்லை, கட்டினால் தசை இன்னும் பலவீனமாகும். சாப்பாட்டையும் தரையையும் சரி செய்தால் சில வாரங்களில் நிமிர்ந்துவிடும்.

நான் எழுதிக் கொண்டுபோன தாளை நீட்டினேன். டாக்டர் படித்தார். பேனாவை எடுத்துக் கால்சியம் பொடியையும் சிரப்பையும் பாலையும் ஒவ்வொன்றாக அடித்தார். அப்பாவால் தாங்க முடியவில்லை. "எலும்பு வளர கால்சியம் வேண்டாமா?" என்று கேட்டார். டாக்டர் சலித்துக்கொள்ளாமல் சொன்னார். வளர்ந்த நாய்க்குக் கால்சியம் அதிகமானால், குடல் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வரவில்லை. கொடுப்பதில் பெரும்பங்கு உடம்புக்குள் போய்விடும். அது வளர்ச்சித் தட்டின் ஒழுங்கைக் கெடுக்கும், கால் வளையலாம், மூட்டுக் குருத்தெலும்பு உரியலாம். பெரிய ஜாதிக் குட்டிகளுக்கென்று செய்த உணவில் கால்சியம் ஏற்கெனவே அளந்துதான் இருக்கிறது. பையின் பின்புறம் போட்டிருக்கும் கால்சியம் அளவு ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும், ஒன்றரையைத் தாண்டக் கூடாது. அதன்மேல் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். வீட்டுச் சமையலே கொடுப்பவர்கள் கதை வேறு. வெறும் சோறும் கோழியும் போட்டால் கால்சியம் போதாமல் எலும்பு மெலியும், அப்போது மருத்துவர் கணக்குப் போட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. கிரேட் டேன் அரைக் கிலோவுக்குச் சற்று மேலே பிறந்து, ஒன்றரை வயதுக்குள் ஏறக்குறைய நூறு மடங்கு ஆகிறது. மனிதப் பிள்ளை மூன்று கிலோவில் பிறந்து 60 கிலோவை எட்ட 18 ஆண்டு எடுத்துக்கொள்கிறது. "இவ்வளவு வேகமாக ஓடுகிறதைப் பின்னாலிருந்து தள்ளாதீர்கள். எவ்வளவு மெதுவாக வளர்கிறதோ அவ்வளவு நல்லது. உயரம் எங்கேயும் போகாது, அது பிறப்பிலேயே எழுதியிருக்கிறது" என்றார். பிறகு என் கையைப் பிடித்துப் பொன்னியின் விலாவில் வைத்தார். விலா எலும்புகளை எண்ணுவதற்கு நான் அழுத்த வேண்டியிருந்தது. அழுத்தாமலே தடவியதும் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும் என்றார். கொழுத்த குட்டியே ஆரோக்கியமான குட்டி என்று எண்ணியிருந்த எங்களுக்கு அதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

தரை விஷயம் சுலபம். எங்கள் வீடு முழுக்கப் பளபளக்கும் டைல்ஸ். வழுக்கும் தரையில் குட்டி ஒவ்வொரு அடிக்கும் காலை அகட்டித்தான் ஊன்ற முடியும். அன்று மாலையே பாரிமுனைக்குப் போய்த் தென்னைநார் விரிப்பு வாங்கி வந்து, ஹாலிலிருந்து சமையலறை வரை அப்பா தன் கையால் விரித்தார். மாடிப்படிக்கு ஒரு பலகைத் தடுப்பு. சோபாவிலிருந்து குதிக்க விடுவதில்லை. மொட்டை மாடியில் மண் தொட்டிகளுக்கு நடுவே மெதுவான நடை, அதுவும் தூக்கிக்கொண்டு போய்த்தான்.

அன்றே கூட்டுத் தடுப்பூசி போட்டார்கள். டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் முதலியவற்றுக்குச் சேர்த்து ஒரே ஊசி. இவ்வளவு பெரிய குட்டிக்கு இத்துனூண்டு மருந்தா என்று அப்பா வியந்தார். தடுப்பூசிக்கு எடைக் கணக்கு இல்லை, எல்லா நாய்க்கும் ஒரே அளவுதான். குடற்புழு மருந்துக்குத்தான் எடை பார்க்க வேண்டும். பொன்னி மாதிரிக் குட்டி வாரத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோ ஏறுவதால் போன மாத அளவு இந்த மாதம் பொருந்தாது. உண்ணிக்கும் மருந்து எழுதினார். நம் ஊர் வெப்பத்தில் உண்ணி ஆண்டு முழுக்க இருக்கிறது, உண்ணிக் காய்ச்சல் ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும்.

கிளம்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று பயமானது. இந்த ஜாதிக்கு மார்பு ஆழமானது, இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளலாம். வயிறு மத்தளம் போல வீங்கி, நாய் வாந்தி எடுக்க முயன்று முயன்று எதுவும் வராமல் தவித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். கருத்தடை அறுவை செய்யும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிட்டால் முறுக்கிக்கொள்ளும் ஆபத்து பெரிதும் குறையும், அதைப் பற்றி வளர்ந்த பிறகு பேசுவோம் என்றார். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணை அன்றே எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டேன்.

இன்னொன்று, பழக்கம். "இன்றைக்கு இரண்டு பேர் தூக்கித் தராசில் வைத்தீர்கள். அடுத்த வருடம் 50 கிலோ இருக்கும், யார் தூக்குவது? இப்போதே ஏறக் கற்றுக்கொடுங்கள்" என்றார். தினம் காதைத் திருப்பிப் பார்க்க வேண்டும், உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்க்க வேண்டும், பாதத்தைக் கையில் பிடித்திருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கவளம் தீனி, அதுவும் அன்றைய சாப்பாட்டு அளவிலிருந்தே.

அப்பா பரணிலிருந்து பாட்டியின் பழைய மணைப்பலகையை இறக்கினார். பலா மரம், நல்ல அகலம். அதன்மேல் ரப்பர் துண்டை ஒட்டினார். தினம் காலை காபிக்குப் பிறகு, "ஏறு பொன்னி" என்பார். முதல் நாள் மோந்து பார்த்துவிட்டு அதன்மேலேயே படுத்துக்கொண்டது. நான்காம் நாள் முன்னங்கால் இரண்டும், ஒன்பதாம் நாள் நான்கும். நான் எதிரே தரையில் உட்கார்ந்து அந்த மணிக்கட்டுகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றாம் வாரம் ஒருநாள் காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோது, பாதத்துக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே தரையில் ஒரு நிழல் விழுந்திருந்தது. உள்ளங்கை தரையை விட்டு எழும்பியிருந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன், குரல் சரியாக வரவில்லை.

நான்கு வாரம் கழித்து இரண்டாம் ஊசிக்குப் போனோம். மூன்று மாதம் தாண்டிவிட்டதால் ரேபிஸ் தடுப்பூசியும் போட்டார்கள், இந்த முறை இரண்டு ஸ்டிக்கர்கள். கழுத்துத் தோலுக்கடியில் அரிசி மணி அளவு மைக்ரோசிப்பும் வைத்தாயிற்று. அதில் 15 இலக்க எண். அதையும் ரேபிஸ் சான்றையும் வைத்துத்தான் மாநகராட்சி உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். அப்போது கட்டணம் 50 ரூபாய்.

ஊசிக்கெல்லாம் முன்பே நடந்ததைச் சொல்ல வேண்டும். தராசு மேடை அருகே போனதும் உதவியாளர் ஒருவர் தூக்குவதற்குக் கையை நீட்டினார். அப்பா வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு மேடையில் எங்கள் ரப்பர் துண்டை விரித்தார். "ஏறு பொன்னி" என்றார். பொன்னி ஒருமுறை மோந்து பார்த்தது, முன்னங்கால்களை வைத்தது, பின்னங்கால்களையும் இழுத்துக்கொண்டது. நான்கு காலும் நேராக ஊன்றி, தலையை நிமிர்த்தி அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. 20.1 கிலோ. அப்பா சட்டைப் பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து எண்ணை எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனா மூடியைச் செருகும் வரை பொன்னி இறங்கவில்லை.