பாரி நகரின் நிலவறையில் புனித நிக்கோலாஸ்

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கல்லறை இருக்கிறது என்று குழந்தைகளிடம் சொல்ல மனம் வருமா? அதனால் வீட்டில் விவரம் சொல்லாமலேதான் கிளம்பினேன். இத்தாலியின் தென்கிழக்கே, அட்ரியாடிக் கடலோரத்தில் பாரி என்றொரு துறைமுக நகரம். அங்குள்ள புனித நிக்கோலாஸ் பேராலயத்தின் நிலவறையில், அந்தத் தாத்தாவுக்கு மூலமான நிக்கோலாஸின் எலும்புகள் இருக்கின்றன.

பழைய நகரத்துச் சந்துகளில் பெண்கள் வாசலிலேயே மேசை போட்டு, மாவைத் துண்டு துண்டாக நறுக்கிக் கட்டைவிரலால் குழித்து, காது வடிவப் பாஸ்தா செய்துகொண்டிருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போனால் வெள்ளைக் கல்லில் கோட்டை போல நிற்கிறது பேராலயம். நுழைவாயிலில் இரண்டு கற்காளைகள் தூண்களைத் தாங்கி நிற்கின்றன. கலைமானும் பனிவண்டியும் தேடினால் கிடைக்காது. இங்கே அவர் ஆயர், அதாவது பிஷப். படங்களிலும் சுரூபங்களிலும் கையில் ஒரு புத்தகம், அதன் மேல் மூன்று பொன் உருண்டைகள்.

நிலவறைக்குப் படியிறங்கினேன். தாழ்வான வளைவுக்கூரை, அதைத் தாங்கும் 26 தூண்கள், நடுவில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் பீடம். அதற்கடியில்தான் கல்லறை. முக்காடிட்ட பெண்கள் வரிசையாக வந்து தரையில் நெற்றி பட வணங்கினார்கள். ஆர்த்தடாக்ஸ் குரு ஒருவர் தாழ்ந்த குரலில் இழுத்து இழுத்துப் பாட, கூட்டம் பதில் பாடியது. கத்தோலிக்க ஆலயம்தான் இது. 1054-இல் பிரிந்த இரண்டு திருச்சபைகளும் இந்தக் கல்லறையின் முன்னால் ஒரே கூரையின் கீழ் மண்டியிடுகின்றன. நம் கோயில்களில் கற்பூரம் காட்டும்போது வருமே ஒரு நெரிசல், அதே நெரிசல்தான். ஆனால் யாரும் யாரையும் தள்ளவில்லை. எனக்கும் முன்னால் இடம் கிடைத்தது. வேண்டுதல் எல்லாம் மறந்துபோய்ச் சும்மா நின்றேன்.

நிக்கோலாஸ் இந்த ஊர்க்காரர் இல்லை. இன்றைய துருக்கியின் தெற்குக் கரையில் இருந்த பத்தாரா என்ற ஊரில் பிறந்து, பக்கத்திலேயே மிரா நகரில் நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர். அவர் திருநாள் டிசம்பர் 6. மிராவின் இன்றைய பெயர் தெம்ரே. ஆற்று வண்டல் மூடி மூடித் தரைமட்டத்துக்குக் கீழே போய்விட்ட அவருடைய ஆலயம் இன்னும் அங்கே இருக்கிறது. உடைக்கப்பட்ட கல் சவப்பெட்டி ஒன்றை அவருடையது என்று காட்டுகிறார்கள். உடைத்தவர்கள் பாரியின் மாலுமிகள்! 1071-இல் மான்சிகெர்ட் போரில் பைசாந்தியம் என்ற கிழக்கு ரோமப் பேரரசு தோற்றது. அந்தப் பக்கமெல்லாம் செல்ஜுக் துருக்கியர் கைக்குப் போக, புனிதரைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு எலும்புகளை அள்ளிவந்தார்கள். 1087 மே 9 அன்று அவை பாரிக்கு வந்து சேர்ந்தன. பச்சையாகச் சொன்னால் திருட்டு. வெனிஸ்காரர்களும் அதே கணக்கோடு கிளம்பியிருந்தார்கள், இவர்கள் முந்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். வெனிஸ்காரர்கள் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துப் போய் மிச்சமிருந்த சிறு துண்டுகளை எடுத்துவந்தார்கள். தங்கள் மாலுமிகள் எலும்புகளை அள்ளிவந்ததை இன்றும் பாரியில் கூச்சமே இல்லாமல் பெருமையாகக் கொண்டாடுகிறார்கள். மே மாதத் திருவிழாவில் சுரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலுக்கே கொண்டுபோகிறார்கள்.

அந்த மூன்று பொன் உருண்டைகளின் கதை நமக்கு ரொம்பவே பக்கத்துக் கதை. நொடித்துப்போன ஒரு தகப்பனுக்கு மூன்று பெண்கள். சீர் கொடுக்க வழியில்லை. கொடுக்காவிட்டால் பெண்களை விலைமாதராக விற்கும் நிலை. நிக்கோலாஸ் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியாகப் பொன் முடிப்பை எறிந்துவிட்டுப் போகிறார். மூத்தவளுக்குக் கல்யாணம் ஆகிறது. பிறகு இரண்டாவது முடிப்பு, அப்புறம் மூன்றாவது. மூன்றாம் முறை தகப்பன் விழித்திருந்து ஓடிப்போய்க் காலில் விழ, யாரிடமும் சொல்லாதே என்கிறாராம். வரதட்சணையால் விடியாத வீடுகளை அறிந்த நமக்கு அந்த ஜன்னலின் அருமை தெரியும். காயப்போட்ட காலுறைக்குள் பொன் விழுந்தது என்பது பின்னால் சேர்ந்தது. கிறிஸ்துமஸுக்குக் காலுறை தொங்கவிடும் வழக்கத்தை அதோடுதான் முடிச்சுப் போடுகிறார்கள்.

ஆயர் எப்படித் தொந்தித் தாத்தா ஆனார் என்பது தனிக்கதை. நெதர்லாந்தில் அவர் இன்றும் ஆயர் தொப்பியும் செங்கோலுமாக, நவம்பரில் நீராவிக் கப்பலில் வந்து இறங்குகிறார். டிசம்பர் 5 மாலை பரிசு. ஜெர்மனியில் சீர்திருத்தச் சபையினருக்குப் புனிதர் வணக்கம் பிடிக்காததால் பரிசு தரும் வேலை குழந்தை இயேசுவுக்குப் போனது. டச்சுக்காரர்களின் சின்டர்கிளாஸ் நியூயார்க்கில் சாண்டா கிளாஸ் ஆனார். 1823-இல் வெளிவந்த ஒரு கவிதை அவருக்கு எட்டுக் கலைமான்களைக் கொடுத்தது. 1863 முதல் தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் தாடியும் தொந்தியுமாக வரைந்தார். சிவப்பு உடை கோகோ கோலா கம்பெனியின் கண்டுபிடிப்பு என்பார்கள், அது சரியில்லை. 1931-இல் தொடங்கிய அந்த விளம்பரங்களுக்கு முன்பே அவர் சிவப்பு உடுத்தியிருக்கிறார். இத்தனையிலும் எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: யாரிடமும் சொல்லாதே என்றவருக்கு ஊரெல்லாம் விளம்பரப் பலகை.

1950-களில் நிலவறையைப் பழுதுபார்த்தபோது கல்லறையைத் திறந்து எலும்புகளை அளந்தார்கள். எழுபது வயது தாண்டிய, நடுத்தர உயரமுள்ள கிழவர். அந்த அளவுகளை வைத்துப் பிற்பாடு முகத்தை உருவாக்கியபோது மூக்கு உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது தெரிந்தது. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய ரோமப் பேரரசர் தியோக்ளேசியன் காலத்துச் சிறைவாசத்தில் பட்ட அடியோ என்னவோ என்கிறார்கள். அந்த முகத்தின் படத்தைப் பார்த்தபிறகு எனக்குக் கடைத்தெரு சாண்டா மேல் இருந்த கோபம்கூடக் குறைந்துவிட்டது.

கல்லறைக்குள் ஊறும் தெளிந்த நீரை மன்னா என்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை, மே 9 அன்று, ஆலயத் தலைமைக் குரு மண்டியிட்டு, கல்லறையின் சிறு துவாரம் வழியாக அதை எடுப்பார். எடுப்பது கொஞ்சம்தான், மந்திரித்த தண்ணீரில் கலந்து குப்பிகளில் கொடுக்கிறார்கள். ஈரக் கல்லில் நீர் கோத்துக்கொள்ளாதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். மூட்டுவலிக்காரியான அக்காவுக்கு ஒரு குப்பி வாங்கிக்கொண்டேன்.

போகிறவர்கள் நிலவறை மூலையில் இரும்புக் கூண்டுக்குள் நிற்கும் செம்பளிங்குத் தூணைத் தவறவிட வேண்டாம். அது கடலில் மிதந்து வந்தது என்பது ஐதீகம். முடிந்தால் டிசம்பர் 6-ஆம் தேதியே போங்கள். விடியுமுன் ஐந்து மணித் திருப்பலிக்கே ஊர் திரண்டுவிடும், வரன் அமையாத பெண்கள் அந்தத் தூணிடம் வேண்டிக்கொள்வார்கள், திருப்பலி முடிந்ததும் எல்லாரும் சுடச்சுட சாக்லேட் குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.