கிம்பில் ஜிஃப் படங்களைத் திருத்துவோர் கவனத்திற்கு

கட்டற்ற மென்பொருளான கிம்பில் அசையும் ஜிஃப் படம் ஒன்றைத் திறந்தால், அதன் ஒவ்வொரு சட்டகமும் தனி லேயராக (அடுக்காக) வந்து நிற்கும். அடியில் இருப்பதே முதல் சட்டகம். பல படங்களில் இரண்டாவது லேயரிலிருந்து துண்டு துண்டான பகுதிகள் மட்டுமே தெரிவதைக் கண்டு, கோப்பு பழுதாகிவிட்டது என்று பலர் மூடிவிடுகிறார்கள். உண்மையில், கோப்பின் அளவைக் குறைப்பதற்காக முந்தைய சட்டகத்திலிருந்து மாறிய புள்ளிகள் மட்டுமே அங்கே சேமிக்கப்பட்டுள்ளன. ஃபில்டர்ஸ் பட்டியலில் அனிமேஷன் பிரிவிலுள்ள 'அன்ஆப்டிமைஸ்' கட்டளையைக் கொடுத்தால், எல்லாச் சட்டகங்களும் முழுமை பெற்ற புதிய படம் ஒன்று திறக்கும். திருத்தும் வேலையை அதில்தான் தொடங்க வேண்டும். இதை நான் வலியுறுத்தியே சொல்வேன்.

சட்டகம் நிற்கும் நேரம் லேயரின் பெயரிலேயே, அடைப்புக்குறிக்குள் மில்லிநொடிகளாக எழுதப்பட்டிருக்கும். பெயரிலுள்ள அந்த எண்ணை மாற்றினால் வேகமும் மாறும்.

ஒளிபுகும் பின்னணிதான் மிகுந்த பொறுமையைக் கேட்பது. ஜிஃப் வடிவத்தின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பு, 256 நிறங்கள் வரை கொண்ட பட்டியலில் ஒன்றை மட்டுமே ஒளிபுகுவதாகக் குறிக்க இடம் தருகிறது. பாதி ஒளிபுகும் புள்ளி என்பதே அதில் கிடையாது. ஆகவே மென்மையாக வெட்டிய எழுத்தின் ஓரங்கள் ஏற்றுமதியில் பிசிறடிக்கும். படம் எந்த நிறத்தின் மீது தோன்றப்போகிறதோ அதைப் பின்னணி நிறமாக வைத்து, ஆர்ஜிபி நிலையிலேயே (நிறப்பட்டியலுக்குள் அடக்கப்படாத முழு நிற நிலை) 'செமி-ஃபிளாட்டன்' (பாதி ஒளிபுகும் புள்ளிகளைப் பின்னணி நிறத்தோடு கலக்கும் கட்டளை) செய்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள். அந்த நிறத்தின் மேல் ஓரங்கள் வழவழப்பாகவே தெரியும்.